‘பாக்கி’ன்னா அரபியாம்

(குரூப்: கீழக்கரை நடுத்தெரு வீடு. ரியாஸ் நான்தான். எங்க ஊர்ல உம்மான்னா அம்மா, லாத்தான்னா அக்கா, காக்கான்னா அண்ணன்)

உம்மா: ரியாசுக்கு குவைத் விசா வந்துருச்சு, அல்ஹம்துலில்லாஹ். 15 நாள்ல கிளம்பணும். அரபி பேச ஒரு வார்த்தை வராது இவனுக்கு

பௌசியா மாமி: குர்ஆன் ஓதுவான்ல

உம்மா: ஓதுவான். அர்த்தம் கேட்டா முழிப்பான்

ஜித்தா மாமா: அஸ்ஸலாமு அலைக்கும். 22 வருஷம் சவூதியில, ஜித்தாவுல கிடந்தவன் சொல்றேன். இனி இந்த குரூப்தான் பள்ளிக்கூடம். தினம் சுபுஹு தொழுகைக்குப் பிறகு அஞ்சு வார்த்தை போடுவேன். ஆளுக்கொரு வாக்கியம் எழுதணும். மனப்பாடம் பண்ணா நிக்காது, பேச்சுல வந்தாத்தான் நாக்குல ஒட்டும். இன்னிக்கு: தண்ணி மோயா. சோறு ருஸ். மீன் சமக். என்ன ஏஷ். நாளைக்கு புக்ரா

லாத்தா: மாமா, பிளேன்ல தொதல் அல்வா எத்தனை கிலோ விடுவான்?

ஜித்தா மாமா: அரபியில கேளு

லாத்தா: தொதலுக்கு அரபி என்ன

பௌசியா மாமி: மீன்காரம்மா இன்னிக்கு சமக் இல்லைன்னுட்டா. கச்சான் காத்தாம்

ஜித்தா மாமா: மாஷா அல்லாஹ். இப்படித்தான்

குவைத் மச்சான்: மாமா, இது ஜித்தா அரபி. குவைத்துல தண்ணி மாய். என்ன ஷினூ. நாளைக்கு பாச்சிர். சோறு அய்ஷ்

ஜித்தா மாமா: அய்ஷ்னா ரொட்டி மாப்ளே

குவைத் மச்சான்: அது மிஸ்ரிக்கு, எகிப்துக்காரனுக்கு. நான் போன புதுசுல மிஸ்ரி ஃபோர்மேன் அய்ஷ் கேட்டாருன்னு ஒரு சட்டி சோத்தைக் கொண்டுபோய் வச்சேன். அவரு பார்த்த பார்வை இருக்கே

நான்: இப்ப நான் எதைப் படிக்க

ஜித்தா மாமா: ரெண்டையும். பயப்படாதே, பாதி அரபி நம்ம வாயிலயே கிடக்கு. வக்கீல், வசூல், ஆஜர், நகல், வாரிசு, ரத்து, பாக்கி எல்லாம் அங்கேயிருந்து வந்ததுதான். தாலுகா ஆபீசுல பாதி நேரம் நாம பேசுறது அரபி

உம்மா: பாக்கியா காக்கா? 98-ல கடை போட வாங்குனியளே, அதுல பாக்கி எவ்வளவுன்னு எப்படிக் கேக்கணும்?

குவைத் மச்சான்: கம் பாக்கி. எந்த ஊர்லயும் புரியும் மாமி

பௌசியா மாமி: அந்தக் கணக்கு எப்பவோ முடிஞ்சு போச்சு

உம்மா: யாருக்கு

ஜித்தா மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஜித்தா மாமா: பாடத்தைக் கெடுக்காதிய. அடுத்தது முக்கியம். கல்புன்னா நெஞ்சு. கல்புன்னா நாய்

லாத்தா: ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு

ஜித்தா மாமா: தமிழ்ல ஒரே க. நெஞ்சுக்கு அடித்தொண்டையிலேருந்து வரணும். இந்த வில்லங்கம் வேணாம்னுதான் நம்ம பெரியவுக தமிழையே அரபு எழுத்துல எழுதுனாக. நம்ம ஊரு மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அரபுத்தமிழ்லயே கிதாபு எழுதுனவுக

லாத்தா: வாய்ஸ் போடுங்க மாமா

ஜித்தா மாமா: வாய்ஸ் மெசேஜ் 0:47

லாத்தா: குக்கர் விசில்தான் கேக்குது

உம்மா: எங்க உம்மா நோட்டு பூரா அரபுத்தமிழ்தான்

நான்: அதை இப்ப யாரு படிக்கிறது

உம்மா: நான் படிப்பேன். 98 கணக்கும் அதுலதான் எழுதிருக்கு. காக்கா, கம் பாக்கி?

ஜித்தா மாமா: புக்ரா, இன்ஷா அல்லாஹ்

குவைத் மச்சான்: பாச்சிர்

லாத்தா: அப்ப தொதல் ரெண்டு கிலோ சொல்லவா?