கீழாநெல்லி இருக்க ஈயத்துக்கு அஞ்சலாமா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தேக்கா மருமகள்:
சர்க்கரை நோய்க்கென்று ஊரிலிருந்து வரவழைக்கப்படும், உலோகங்களைச் சுட்டுப் பொடித்துச் செய்யும் பஸ்ப மாத்திரைகளைப் பற்றிச் சிங்கப்பூரில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவற்றை உண்டுவந்த மாமனாரின் ஓயாத வயிற்றுவலிக்கும் இரத்தசோகைக்கும் காரணம் தேடிய மருத்துவர், அவருடைய இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதாகச் சொன்னபோது, அவர் சற்றும் கலங்காமல், "நான் தினமும் கீழாநெல்லிச் சாறு குடிக்கிறேன், டாக்டர், என் ஈரலுக்கு ஒன்றும் வராது" என்றார். மருத்துவர் மறுக்கவில்லை. கல்லீரல் பரிசோதனை முடிவுகள் சரியாகவே இருப்பதாக ஒப்புக்கொண்டு, அடுத்த தாளைத் திருப்பி, "ஈயம் ஈரலோடு நிற்பதில்லை, அங்கிள்; எலும்பில் போய்த் தங்கிவிடும்" என்றார். அந்தச் சாறு கல்லீரலை உண்மையிலேயே காத்ததா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஆய்வக மாணவி:
ஈயத்தைப் போன்ற நச்சு உலோகமான காட்மியம் கொடுக்கப்பட்ட எலிகளின் கல்லீரல் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். காட்மியம் மட்டும் பெற்றவற்றில் உயிரணுக்கள் வீங்கிச் சிதைந்திருந்தன. மஞ்சளில் உள்ள குர்குமினும் சேர்த்துப் பெற்றவற்றில் அவை வரிசை குலையாமல் இருந்தன. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தகைய உலோகங்கள் உயிரணுவின் காவற்பொருளான குளுட்டத்தயோனில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அதை முடக்குகின்றன; அதனால் பெருகும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் உயிரணுச் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கின்றன; குர்குமின், வெங்காயத்தின் குவெர்செட்டின் போன்றவை அவற்றைத் தணிக்கின்றன. ஆயினும் இத்தகைய சோதனைகள் பலவற்றில் தாவரப்பொருள் நஞ்சுக்கு முன்போ அதனுடனோ கொடுக்கப்படுகிறது. நாம் உண்ணும் குர்குமினிலோ மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது. உங்கள் மாமனாரின் உடலில் நடந்ததை எலிகளைக் கொண்டு சொல்ல இயலாது.

ஈசூன் அக்கா:
மாணவி கடைசியில் எச்சரித்தாலும், எலியின் ஈரல் தப்பியது என்று எழுதினாலே படிப்பவர்கள் மாத்திரை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். என் தங்கை உடல் மெலியப் பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரை உண்டு, கண் மஞ்சளாகி மருத்துவமனையில் சேர்ந்தாள். ஆக்சிஜனேற்றத் தடுப்பி என்று கொண்டாடப்படும் இ.ஜி.சி.ஜி. என்ற பச்சைத் தேயிலைப் பொருளை, நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக உட்கொண்டால் கல்லீரல் நொதிகள் இரத்தத்தில் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தெரிவித்தது.

மருமகளே, அந்தப் பஸ்ப மாத்திரைப் போத்தலைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடமே கொடுங்கள். அதே மாத்திரையை உண்ணும் உறவினர்களையும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஈயமும் பாதரசமும் கலந்த பொருள்களைப் பற்றி சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் வெளியிடும் எச்சரிக்கைகளைப் படியுங்கள். மஞ்சள்தூளையும் பார்த்தே வாங்குங்கள். நிறம் கூட்டுவதற்காக அதில் ஈயக் குரோமேட் கலக்கப்படுவதை வங்காளதேசத்தில் ஆய்வாளர்கள் 2019இல் வெளிப்படுத்தினார்கள். உடலில் சேர்ந்த ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றுவதற்குச் சக்சிமர் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

தேக்கா மருமகள்:
போத்தல் மருத்துவரிடம் சேர்ந்துவிட்டது. அத்தையும் அதே மாத்திரையை உண்டிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரியவந்ததால், அவருக்கும் இரத்தம் எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். மாமனார் மாத்திரையை நிறுத்திவிட்டார், கீழாநெல்லியை விட மறுக்கிறார். சிகிச்சை முடியும்வரை அதையும் மருத்துவரைக் கேட்டே குடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.