3 டிகிரி என்றார்கள், விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி: எதை நம்பி வெளிவேலை பார்ப்பது?

வரப்போரம்:
இலையுதிர் காலத்தின் கடைசி வாரங்களில் எந்த வேலைக்கும் நாள் குறிக்க முடிவதில்லை. நேற்று மதியம் வெயிலில் சட்டைக் கையை மடித்துவிட்டு வேலி கட்டினேன். இன்று ஆலங்கட்டியோடு மழை. போன வாரம் வானிலை அறிவிப்பில் இரவு 3 டிகிரிக்குக் கீழே போகாது என்றார்கள். காலையில் ஆட்டுத் தொட்டித் தண்ணீர் ஏடு கட்டியது போல உறைந்து கிடக்கிறது! பூசணியைக் கொடியிலேயே விட்டுவைக்கலாமா? ஆடுகளை ராத்திரி வெளியே விடலாமா?

பள்ளத்துத்தோட்டம்:
அந்த 3 டிகிரி, தரையிலிருந்து ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்தில் அளக்கும் காற்றின் வெப்பம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். புல்மட்டம் இன்னும் சில டிகிரி இறங்கும். அதனால் நான் சாயங்காலம் முதலில் வானத்தைப் பார்ப்பேன், இலை அசைகிறதா என்று பார்ப்பேன், எண் எல்லாம் அப்புறம்தான். மேகம் மூடிய இரவில் அதே 3 டிகிரிக்கு நான் கவலைப்படுவதில்லை.

இன்னொன்று, குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். என் நிலத்தில் மேட்டுப் பக்கம் அவரை பச்சையாக நிற்கும்போதே கீழே கருகிவிடும். பூசணி முற்றிவிட்டதென்றால் காம்போடு வெட்டி உள்ளே வையுங்கள். உறைபனி பட்ட காய் சீக்கிரம் அழுகும்.

மந்தைக்காரன்:
செம்மறியா, வெள்ளாடா? கம்பளி வளர்ந்த செம்மறிக்கு உலர்ந்த குளிர் பெரிய விஷயமே இல்லை. வெள்ளாடு நனைந்தால்தான் வம்பு. நனைந்த உடம்பில் காற்றடிக்கும் 5 டிகிரி, உலர்ந்த பூஜ்யத்தைவிட மோசம். காற்று வரும் பக்கம் அடைத்த ஒரு கூரை போதும், கதவுகூட வேண்டாம். சேற்றையும் கவனியுங்கள்: ஈரத்திலேயே நின்றால் குளம்பு அழுகும், மேய்ச்சலும் மிதிபட்டு நாசமாகும்.

வரப்போரம்:
வெள்ளாடுதான். என் நிலமும் சரிவின் அடியில்தான் இருக்கிறது, இப்போது புரிகிறது. உறைபனி படிந்த புல்லில் காலையிலேயே விடலாமா?

மந்தைக்காரன்:
உருகட்டும். விறைத்த புல்லை மிதித்தால் இலை நொறுங்கிப் பழுப்பாகிவிடும். அதுவரை கொட்டிலில் காய்ந்த புல்லைப் போடுங்கள், சண்டை போடாமல் நிற்கும்.