உதவி: பழைய கேபின் குரூசர், 20 நிமிடத்தில் எஞ்சின் சூடேறுகிறது (அவசரம், ஞாயிறு கிளம்பணும்)

செல்வா_செம்பவாங்
வணக்கம். படகை எடுத்து 20 நிமிடம் ஓட்டினால் முள் 210க்குப் போய்விடுகிறது. மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லை, எஞ்சின் சுற்றை நிமிடத்துக்கு 1800க்கு ஏற்றினால்தான் இந்தக் கூத்து. இம்பெல்லர் (கடல்தண்ணீர் பம்புக்குள் சுற்றுகிற ரப்பர் இறக்கைச் சக்கரம்) புதிது, தெர்மோஸ்டாட் புதிது, கூலன்ட் நிறைய இருக்கிறது. ஞாயிறன்று மாமனார் வீட்டாரை லாசரஸ் தீவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டேன், எட்டுப் பேருக்குப் பிரியாணிக்கும் சொல்லியாச்சு. வேறு என்ன பார்க்கணும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

தூண்டில்காரன்
என்ன படகு? என்ன எஞ்சின்? 210 என்றால் எந்த 210? செல்சியஸ் என்றால் நீங்கள் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

உபின்_காத்து
எக்ஸாஸ்டில் (புகை போகிற குழாயில்) தண்ணீர் எப்படி வருகிறது என்று சொல்லவே இல்லையே. இன்னொன்று, சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங்கிலிருந்து தெற்கே லாசரஸுக்கா? மேற்குப் பக்கம் ஜொகூர் கடற்பாலம் மறிக்கும், கிழக்கே சாங்கியைச் சுற்றி வர வேண்டும், பிரியாணி ஊசிப் போய்விடும்.

கேப்டன்_கே
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். முதலில் தேடிப் பாருங்கள், அப்புறம் மேனுவல் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து படியுங்கள், அப்புறம் இங்கே எழுதுங்கள். நான் 22 வருடமாக இந்தக் கடலில் ஓட்டுகிறேன். பழைய டீசல், சுமை ஏற்றினால் சூடு என்றால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

டீசல்_மணி
சிம்ஸ் பம்ப் (டீசலை எஞ்சினுக்குள் செலுத்துகிற பம்ப்) இருக்கிற எஞ்சினா? அந்தப் பம்புக்குத் தனி எண்ணெய்த் தொட்டி உண்டு, 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றணும். யாரும் மாற்றுவதில்லை. அதைப் பாருங்கள்.

தூண்டில்காரன்
மணி அண்ணே, போன மாதம் ஒருத்தர் கழிவறை பம்ப் வேலை செய்யவில்லை என்றபோதும் இதையேதான் சொன்னீர்கள்.

செல்வா_செம்பவாங்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கிராண்ட் பேங்க்ஸ் 32, 1972ல் கட்டியது, ஒற்றை எஞ்சின், லேமன் 120. ஃபாரன்ஹீட்தான், வழக்கமாக 180ல் நிற்கும். எக்ஸாஸ்டில் தண்ணீர் வருகிறது. வீடுதான் செம்பவாங், படகு மேற்குக் கரையில் கிடக்கிறது, லாசரஸுக்கு ஒரு மணி நேரம்தான். கூலன்ட் குறையவில்லை.

நீலக்கடல்78
எனக்கு என்னவோ ஃபைபரில் நீர் ஊறிப் படகு கனத்துவிட்டது என்று தோன்றுகிறது. கனம் கூடினால் எஞ்சினுக்குச் சுமை, சுமை கூடினால் சூடு.

தச்சர்_மகன்
72 என்றால் அது மரப்படகு ஐயா. கிராண்ட் பேங்க்ஸ் ஃபைபருக்கு மாறியது 1973ல். மரத்தில் நீர் ஊறத்தான் செய்யும், ஊறினால்தான் பலகை உப்பி இடுக்கு அடையும்.

ஜூரோங்_மெக்கானிக்
தம்பி செல்வா, ‘தண்ணீர் வருகிறது’ என்றால் எவ்வளவு? முன்பு எப்படிக் கொட்டியது, இப்போது எப்படி? ஆவி கலந்து வருகிறதா? வேகம் குறைந்திருக்கிறதா? படகு கடைசியாக எத்தனை நாள் ஓடாமல் கிடந்தது? அடி கடைசியாக எப்போது சுரண்டியது? இதையெல்லாம் சொல்லாமல் ஹெட்டைக் கழற்றாதீர்கள்.

கேப்டன் ஐயா சொல்வது நடக்காதது இல்லை. ஆனால் கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் கூலன்ட் குறையும், அல்லது மூடியைத் திறந்து ஓடவிட்டால் குமிழி வரும் (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், சூட்டில் திறந்து முகத்தை வேகவைத்துக்கொள்ளாதீர்கள்). மெதுவாக ஓட்டினால் சரி, ஏற்றினால் சூடு என்பது எனக்குக் கடல்தண்ணீர் போதவில்லை என்றுதான் சொல்கிறது. இந்த எஞ்சினில் தண்ணீர் இரண்டு வகை. உள்ளே சுற்றுகிற கூலன்ட் ஒன்று, அதைக் குளிர வைக்கிற கடல்தண்ணீர் ஒன்று, இரண்டும் சந்திக்கும் இடம் ஹீட் எக்ஸ்சேஞ்சர். நீங்கள் கூலன்ட்டைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நம் கடல் எப்போது தொட்டாலும் 28, 30 டிகிரி செல்சியஸ். குளிர்நாட்டில் பாதி அடைத்த குழாயோடுகூட ஓட்டிவிடலாம், இங்கே முடியாது.

நாகை_வலை
அண்ணன் சொல்வது சரி. அடியில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்கிற சின்னக் கடல் உயிர்) பிடித்திருக்கும். எங்க ஊரில் வல்லத்தைக் கரை ஏற்றிச் சுரண்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இங்கே தண்ணீர் வெதுவெதுப்பு, இரண்டு மாதம் கட்டிப் போட்டால் போதும். புரொப்பெல்லரிலும் ஒட்டும், தண்ணீர் இழுக்கிற ஓட்டைக்குள்ளும் ஒட்டும்.

கேப்டன்_கே
வல்லமும் இதுவும் ஒன்றா? இது அமெரிக்கப் படகு. அதன் எஞ்சினைப் பற்றிப் பேச அந்த அனுபவம் வேண்டும்.

தச்சர்_மகன்
கேப்டன் ஐயா, ‘அமெரிக்கன் மரைன்’ என்பது கம்பெனியின் பெயர். இந்தப் படகு வகை ஹாங்காங்கில் பிறந்தது, 60களின் கடைசியில் கட்டுகிற வேலை சிங்கப்பூருக்கு வந்தது. என் அப்பா ஜூரோங் யார்டில் தச்சு வேலை பார்த்தவர். பலகை பிலிப்பீன்ஸ் மகோகனி, உள்சட்டம் யாகால் மரம், அதில் ஆணி இறங்குவதற்குள் தோள் கழன்றுவிடும் என்பார். ஒரு பக்கம் கலப்பத்து (பலகை இடுக்கை அடைப்பது) அடிக்கிற சத்தம், மறுபக்கம் வார்னிஷ் வாசனை, மத்தியானச் சாப்பாட்டில்கூட அந்த வாசனைதான் அடிக்குமாம். வீட்டுக்கு வந்தால் அவர் சட்டைப் பையில் தேக்குச் சுருள் இருக்கும், நான் அதை எடுத்துக் காதில் வளையமாக மாட்டிக்கொள்வேன். எஞ்சினும் பிறப்பால் அமெரிக்கா இல்லை, இங்கிலாந்து ஃபோர்டு டீசல். லேமன்காரர்கள் அதைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றினார்கள், அவ்வளவுதான். 6 சிலிண்டர், 6.2 லிட்டர், 120 குதிரைச்சக்தி.

கேப்டன்_கே
எங்கே ஆணி அடித்தார்கள் என்பது முக்கியமில்லை, வடிவமைப்பு யாருடையது என்பதுதான் முக்கியம். தவிர இது கேபின் குரூசரே இல்லை, ட்ராலர். தலைப்பே தப்பு.

உபின்_காத்து
படுக்க அறை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, எஞ்சினில் ஓடுகிறது. கேபின் குரூசர் இல்லாமல் என்ன, தோணியா?

தூண்டில்காரன்
ட்ராலர் என்றால் இழுவலைப் படகு. செல்வா வலையா இழுக்கிறார், மாமனாரைத்தானே இழுத்துக்கொண்டு போகிறார்.

நீலக்கடல்78
மரப்படகை வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு? விற்றுவிட்டு ஒரு ஃபைபர் படகு, இரண்டு அவுட்போர்டு. ஒரு மணி நேரப் பயணம் பத்து நிமிடத்தில் முடியும். மரத்தைத் துளைக்கிற கப்பல் புழுவுக்கு இந்தச் சூட்டுக் கடல் கல்யாண விருந்து.

தச்சர்_மகன்
பத்து நிமிடத்தில் முடிப்பதற்கு எதற்கு ஐயா படகு, எம்ஆர்டி போதுமே. பெயின்ட் விடாமல் பார்த்துக்கொண்டால் புழு வராது. 50 வருடம் தாண்டியும் அந்தப் படகு மிதக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

டீசல்_மணி
இருந்தாலும் அந்த சிம்ஸ் பம்ப் எண்ணெயை ஒருமுறை…

செல்வா_செம்பவாங்
விற்பதாக இல்லை. காலையில் கதவைத் தள்ளித் திறந்தால் வருகிற தேக்கு வாசனையும் டீசல் வாசனையும் கலந்த ஒரு வாசம் இருக்கிறதே, அதற்காகவே வைத்திருக்கிறேன்.

மெக்கானிக் அண்ணே, 7 வாரம் கட்டியே கிடந்தது. வேகம் முன்பு 1800ல் ஏழு நாட் (மணிக்கு ஏழு கடல் மைல்) தாண்டும், இப்போது ஆறுதான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமோ? எக்ஸாஸ்ட் தண்ணீர் முன்பைவிடக் கம்மி மாதிரித்தான் தெரிகிறது, லேசாக ஆவியும் வருகிறது.

தூண்டில்காரன்
சொல்லியிருக்க வேண்டுமோவா!

ஜூரோங்_மெக்கானிக்
சரி, இப்போது விஷயத்துக்கு வந்தோம். ஆறு நாட் என்றால் அடியும் புரொப்பெல்லரும் அசிங்கமாக இருக்கிறது, எஞ்சின் தேவைக்கு மேல் உழைக்கிறது. அது பாதிக் காரணம். மீதிப் பாதிக்கு ஒரு வேலை செய்யுங்கள். எஞ்சினை நிறுத்தி, சீகாக்கை (கடல்தண்ணீர் உள்ளே வருகிற வழியின் வால்வு) மூடி, கடல்தண்ணீர் பம்புக்குப் போகிற ஹோஸைப் பம்ப் பக்கம் கழற்றி ஒரு வாளிக்குள் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, சீகாக்கைத் திறக்கச் சொல்லுங்கள். கூட ஆள் இல்லாமல் செய்யாதீர்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்து வாளி சட்டென்று நிரம்பினால் வரும் வழி சரி. ஒழுகினால் அலசு உள்ளே குடியிருக்கிறது, முக்குளிப்பவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் முக்கியமான கேள்வி. இம்பெல்லர் புதிது என்றீர்கள். ஏன் மாற்றினீர்கள்? பழையதில் இறக்கை எல்லாம் இருந்ததா?

செல்வா_செம்பவாங்
உடைந்திருந்தது, அதனால்தான் மாற்றினேன். நான்கு இறக்கை இல்லை. உடைந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டிவிட்டேன்.

ஜூரோங்_மெக்கானிக்
அந்த நான்கும் எங்கே தம்பி போயிருக்கும்? ரப்பர் கரையாது. பம்புக்கு அந்தப் பக்கம் எங்கேயோ குழாய் வாயில் உட்கார்ந்திருக்கிறது. மெதுவாக ஓட்டும்போது போகிற கொஞ்சத் தண்ணீர் போதும், ஏற்றினால் போதாது, நீங்கள் முதல் வரியில் சொன்னது இதுதான். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முனை மூடியைக் கழற்றிப் பாருங்கள். கழற்றும்போதே ஜிங்க் பென்சிலையும் (மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் கரைகிற துத்தநாகக் குச்சி) பாருங்கள், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதன் துண்டுகளும் உள்ளே அடைக்கும். மூடிக்குப் புது கேஸ்கெட் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கேப்டன்_கே
இவ்வளவு விவரம் முதலிலேயே கொடுத்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

உபின்_காத்து
கண்டிப்பாக, கேப்டன்.

நாகை_வலை
செல்வா அண்ணே, என்ன ஆச்சு? மூன்று நாளாகச் சத்தமே இல்லை. ஞாயிறும் போய்விட்டது.

தூண்டில்காரன்
பிரியாணி சாப்பிட்டுத் தூங்குகிறார் போல.

செல்வா_செம்பவாங்
போய்விட்டு வந்தாச்சு, நன்றி எல்லோருக்கும். வாளியில் தண்ணீர் ஒழுகத்தான் செய்தது, முக்குளிப்பவர் வந்து ஓட்டையிலிருந்தே ஒரு கைப்பிடி அலசு சுரண்டி எடுத்தார். எக்ஸ்சேஞ்சர் மூடிக்குள் மூன்று ரப்பர் துண்டு. இப்போது 1800ல் 180தான், வேகமும் திரும்ப ஏழு. மாமனாருக்குப் படகு பிடித்துவிட்டது, அடுத்த மாதம் கூசு தீவு என்கிறார்.

ஜூரோங்_மெக்கானிக்
சந்தோஷம் தம்பி. ஆனால் நான்கு இறக்கை இல்லை என்றீர்கள், மூன்றுதான் கிடைத்திருக்கிறது. பம்புக்கும் எக்ஸ்சேஞ்சருக்கும் நடுவே எண்ணெய்க் கூலரும் கியர்பாக்ஸ் கூலரும் இருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்த்தீர்களா?