ஓட்டிஸ் ரெடிங் பாட்டு மேடையில் பண்ணணும்: கார்டு, ஹார்ன், அறிவிப்பு

களியக்காவிளை கீபோர்டு:
டிசம்பர் 10 அமெரிக்க சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் நினைவு நாள். பாறசாலைப் பக்கம் ஒரு கானமேளாவில் சோல் பாட்டுக்குன்னு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்காங்க. "டாக் ஆஃப் த பே" கண்டிப்பா உண்டு. கீபோர்டு, கிட்டார், பேஸ், டிரம்ஸ், கூட மார்த்தாண்டம் பேண்டு செட்ல இருந்து ஒரு டிரம்பெட், ஒரு ஆல்ட்டோ சாக்ஸ். யாரும் தாளம் தப்பல, சுருதி தப்பல, ஆனா கேட்டா சர்ச் சபைப் பாட்டு மாதிரி இருக்கு. எங்க கோளாறு? அறிவிப்பாளருக்கும் ரெண்டு நிமிஷத்துக்கு விஷயம் வேணும்.

தக்கலை கிட்டார்:
முதல்ல உங்க A கார்டை (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்) பாருங்க அண்ணே. G ஸ்கேல்னு தெரிஞ்சதும் கை தானா A மைனர், E மைனர், B மைனர்னு போயிடும். இந்தப் பாட்டுல மைனர் கார்டே கிடையாது. சரணம் G, B7, C, A. C-யிலிருந்து A-க்கு நேரா தாவாம B, B ஃப்ளாட்னு அரை அரை சுரமா இறங்கணும். பல்லவி G-யும் E மேஜரும் மாறி மாறி, நடுவுல ஒரு A. "லுக்ஸ் லைக்"னு தொடங்குற இடத்துல G, D, C. அது முடியுற இடத்துல F, D.

G-யை ஸட்ஜமா வச்சா அடிப்படை சங்கராபரணம்தான். ஆனா B7-ல சுத்த தைவதம், A-ல பிரதி மத்யமம், E-ல சுத்த ரிஷபம், F-ல கைசிகி நிஷாதம் எட்டிப் பார்க்கும். இந்த அன்னிய சுரங்கள்தான் பாட்டோட உயிர். மைனர் போட்ட உடனே நாலுல மூணு காணாமப் போயிடும், அதான் சபைப் பாட்டா கேக்குது.

காரணம் ஓட்டிஸோட கிட்டார். கம்பிகளை ஓப்பன் E-க்கு முறுக்கி வச்சு, ஒரு விரலைக் குறுக்கே போட்டு நகர்த்தி வாசிப்பார். எங்க வச்சாலும் மேஜர்தான் வரும். இந்தப் பாட்டைக் கூட எழுதின ஸ்டீவ் க்ராப்பரும் அதை மாத்தாம அப்படியே விட்டார்.

டிரம்ஸ்காரரிடம் ரோல் எதுவும் வேண்டாம்னு சொல்லிடுங்க. வேகம் நிமிஷத்துக்கு 103 பக்கம். ஓட்டிஸ் பதிவு பண்ணின ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவுல டிரம்ஸ் வாசிச்ச அல் ஜாக்சன் ஸ்நேர் தோல் மேல பர்ஸை வச்சு அடிப்பாராம். ஒரு கைக்குட்டையை மடிச்சுப் போட்டாலும் அந்த மொத்தைச் சத்தம் வரும். ஆக்டோபேட் (எலக்ட்ரானிக் டிரம் பேடு) லூப் வேண்டவே வேண்டாம்.

குழித்துறை ட்ரம்பெட்:
ஹார்ன் (டிரம்பெட், சாக்ஸ்) பத்தி. இதுக்கெல்லாம் நோட்டு வேற சுருதியில எழுதுவாங்க. G-ல வாசிச்சா B ஃப்ளாட் டிரம்பெட்காரர் A மேஜர் பார்க்கணும், மூணு ஷார்ப். ஆல்ட்டோவுக்கு E மேஜர், நாலு ஷார்ப். பேண்டு செட் ஆளுங்க ஃப்ளாட் சுருதியிலயே பழகினவங்க, அங்கதான் தடுமாறுவாங்க. பாடுறவர் ஒத்துக்கிட்டா F-க்கு இறக்குங்க: டிரம்பெட்டுக்கு G, ஆல்ட்டோவுக்கு D. கார்டு F, A7, B ஃப்ளாட், G. பல்லவி F, D.

பேண்டு செட் வழக்கப்படி ரெண்டு பேரும் மெட்டையே ஊதுனா கெட்டுது. ஓட்டிஸ் பின்குரல் வைக்கிற இடத்துல ஹார்னைத்தான் வைப்பார், அந்த வரியை வாயாலயே பாடிக் காட்டுவார். பாடகர் மூச்சு விடுற இடைவெளியில நீள சுரம், மெதுவா. கீபோர்டு பிராஸ் சத்தத்தை மூடிடுங்க.

களியக்காவிளை கீபோர்டு:
A மைனர்தான் போட்டிருந்தோம்! F-க்கே போறோம். பாடுற தம்பி ஓட்டிஸ் மாதிரி தொண்டையைக் கரகரன்னு பண்றான், சரியா?

தக்கலை கிட்டார்:
இந்தப் பாட்டுக்கு வேண்டாம். 1967 கடைசியில தொண்டையில பாலிப் (சின்ன சதை வளர்ச்சி) எடுத்து, பல வாரம் பேசாம இருந்துட்டு வந்து பாடினது இது. மற்ற பாட்டுல இருக்குற உறுமல் இதுல குறைவு. தொண்டையை இறுக்கினா மூணாவது பாட்டுல குரல் கட்டிடும்.

நெய்யாற்றின்கரை வினைல்:
அறிவிப்புக்கு இது போதும். பிறப்பு 1941 செப்டம்பர் 9, ஜார்ஜியா மாநிலம் டாசன், வளர்ந்தது மேக்கன். பாட்டெல்லாம் பெரும்பாலும் மெம்ஃபிஸ் ஸ்டாக்ஸ்ல பதிவானது. அது பழைய சினிமா தியேட்டர், சாய்வுத் தரையைக்கூட மாத்தல. 1965 ஜூலையில ஒரு ஆல்பத்தை ஏறக்குறைய ஒரு நாள்ல முடிச்சாங்க. நடுராத்திரி இடைவேளை ஏன்னா, வாசிக்கிறவங்களுக்கு ராத்திரி கிளப்ல கச்சேரி இருந்தது. கானமேளாக்காரங்களுக்கு இது புரியும்.

"ரெஸ்பெக்ட்" அரீதா ஃப்ராங்க்ளின் பாட்டுன்னு அறிவிப்பாளர் சொல்லிடக் கூடாது. 1965-ல எழுதிப் பாடினது ஓட்டிஸ். R-E-S-P-E-C-T-ன்னு எழுத்தெழுத்தா கூட்டிப் பாடுறது 1967-ல அரீதா சேர்த்தது. என் காதுக்கு அரீதாவோடதுதான் ஒரு படி மேல.

1967 டிசம்பர் 10, விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் மோனோனா ஏரியில விமானம் விழுந்தது. வயசு 26. கூட வந்த பார்-கேஸ் பக்கவாத்தியக் குழுவில் நாலு பேர் இறந்தாங்க. விமானத்தில் இருந்தவங்கள்ல டிரம்பெட்காரர் பென் காலி மட்டும் பிழைச்சார். டாக் ஆஃப் த பே 1968 ஜனவரியில வந்து, மார்ச்ல அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். பாடகர் இறந்த பிறகு அந்த இடத்துக்குப் போன முதல் பாட்டு. அலை, கடற்பறவைச் சத்தமெல்லாம் அவர் போன பிறகு க்ராப்பர் சேர்த்தது.

குழித்துறை ட்ரம்பெட்:
பாட்டு முடிவுல வர்ற விசிலுக்கு ஒண்ணு. மைக்கை வாய்க்கு நேரா வச்சா காத்துதான் கேக்கும். கன்னத்துப் பக்கமா நாலு விரல் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க. அந்த இடத்துல சவுண்டுகாரர் எக்கோவைக் குறைக்கணும், மானிட்டரையும் ஒரு பிடி இறக்கணும், இல்லன்னா ஃபீட்பேக் கூவிடும்.