தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஒரு வாரம்: கோயில் பட்டியல் வேண்டாம், வேறு யோசனை சொல்லுங்கள்

ஓசூர்க்காரி:

ஜனவரியில் ஏழு நாள் லீவு கிடைக்கும் போலிருக்கிறது. நான், வீட்டுக்காரர், அம்மா, எட்டாவது படிக்கும் பெண், மொத்தம் நாலு பேர். டிராவல்ஸில் விசாரித்தால் எல்லோரும் ஒரே மாதிரி நவக்கிரகக் கோயில் சுற்றைத்தான் நீட்டுகிறார்கள், விடியற்காலை கிளம்பி ராத்திரிக்குள் ஒன்பது கோயில். அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்த ஓட்டம் முடியாது. எங்களுக்குக் கோயில் வேண்டாம் என்றில்லை, ஆனால் சிலை வார்ப்பது, வீணை செய்வது, தறி ஓடுவது இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பெண் எந்நேரமும் நோட்டும் பென்சிலுமாகத் திரிகிறவள். அம்மா கர்நாடக சங்கீதம் விடாமல் கேட்பவர். வீட்டுக்காரருக்குச் சாப்பாடு சரியாக இருந்தால் போதும், வேறு கோரிக்கை கிடையாது.

பொங்கலை ஒட்டி வந்தால் பெரிய கோயிலில் நந்தி அலங்காரம், திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை, பட்டறைகள் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். தங்குவது தஞ்சாவூரிலா கும்பகோணத்திலா? பட்டறைகளுக்குச் சொல்லாமல் போகலாமா? மத்தியானம் கோயில் சாத்தியிருக்கும் நேரத்தில் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கும்மோணத்தான்:

முதலில் உங்கள் கணக்கைக் கலைத்துவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். ஆராதனை பொங்கலோடு சேர்ந்து வரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமி, திதிக் கணக்கு. 2024-ல் ஜனவரி 30, 2025-ல் ஜனவரி 18. வருஷத்துக்கு வருஷம் இப்படி நகரும். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு லீவு எழுதிக் கொடுங்கள். இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம்: பொங்கல் நாட்களில் பட்டறை, தறி எதுவும் ஓடாது. சிற்பியும் நெசவாளியும் பொங்கல் கொண்டாட மாட்டார்களா? மாட்டுப் பொங்கலன்று நந்திக்குக் காயும் கனியும் இனிப்புமாகச் சாத்தி நிற்கும் அழகைப் பார்க்கலாம், கூட்டத்தில் இடிபடலாம், அன்றைக்கு வேறு வேலை நடக்காது. உங்கள் வீட்டு ஆட்களுக்கு ஆராதனை வாரம்தான் சரி. நந்தியை இன்னொரு வருஷம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குவது இரண்டு ஊரிலும். கும்பகோணத்தில் நாலு ராத்திரி, தஞ்சாவூரில் மீதி. நடுவில் நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் அந்தச் சாலையில் தினம் போய் வருவதென்றால் அம்மாவின் முழங்கால் என்னைத் திட்டும்.

மத்தியானம் பற்றிக் கேட்டீர்கள். கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் திறக்க நாலு மணி ஆகும். எல்லோரும் அந்த நேரத்தை அறையில் படுத்துக் கழிக்கிறார்கள். பட்டறைக்கு அதுதான் நேரம். காலையில் ஒரு கோயில், பத்தரை பதினொன்றுக்குப் பட்டறை, சாப்பாடு, கொஞ்சம் தூக்கம், சாயங்காலம் இன்னொரு கோயிலோ கச்சேரியோ. ஒரு நாளைக்கு ஒரே ஒரு கைத்தொழில், அதற்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் சுவாமிமலையும் நாச்சியார்கோயிலும் திருபுவனமும் என்று திட்டம் போடுகிறவர்கள் மூன்று இடத்திலும் கடையைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

கும்பகோணத்தை வைத்துப் போகக்கூடியவை: சுவாமிமலை (சிலை), நாச்சியார்கோயில் (குத்துவிளக்கு), திருபுவனம் (பட்டு), நரசிங்கம்பேட்டை (நாகஸ்வரம்). எல்லாம் அரை மணி, முக்கால் மணி தூரத்துக்குள். பெண்ணுக்காக ஒரு சாயங்காலம் முழுதாகத் தாராசுரத்துக்கு ஒதுக்குங்கள். பெரிய கோயில் போல அண்ணாந்து பார்க்கும் இடம் இல்லை அது, குனிந்து பார்க்க வேண்டியது. ஒரே தலையை யானையும் காளையும் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம், குதிரை இழுக்கும் தேர் மாதிரி மண்டபம், அறுபத்துமூவர் கதை ஒரு சாண் உயரக் கல்லில். நோட்டு ஒன்று தீர்ந்துவிடும். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, பன்னிரண்டாம் நூற்றாண்டு.

வண்டல்மண்:

சுவாமிமலைக்காரன் என்பதால் பட்டறை பற்றி மட்டும் சொல்கிறேன்.

சொல்லாமல் வரலாம், ஆனால் முதல் நாள் ஒரு போன் போட்டால் நல்லது. காரணம், வார்ப்பு தினமும் நடக்காது. மெழுகு வேலை ஒரு நாள், மண் பூசுவது சில நாள், காய வேண்டும், பிறகுதான் உலை. நீங்கள் வரும் நாளில் வெறும் உளி வேலை மட்டும் நடந்தால் சிலர் முகம் வாடிவிடுகிறது. உண்மையில் பாதி உழைப்பு அந்த உளியில்தான் இருக்கிறது.

என்ன பார்ப்பீர்கள் என்றால், தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து முழு உருவத்தையும் மெழுகிலேயே செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை, முதலில் மாவு போல அரைத்ததை, அப்புறம் மணல் கலந்த முரட்டு மண்ணை, அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும், அந்தக் குழிக்குள் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறினதும் அச்சை உடைத்துவிடுவார்கள். அதனால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். இரண்டாவது வேண்டுமென்றால் மெழுகிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். வார்ப்பில் பொள்ளல், அதாவது ஓட்டை விழுந்தாலும் அப்படித்தான், அத்தனையும் வீண்.

கேட்காமல் படம் எடுக்காதீர்கள், முக்கியமாகக் கோயிலுக்கென்று செய்யும் மூர்த்தியை. உலைப் பக்கம் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வாங்கினால்தான் மரியாதை என்று நினைக்க வேண்டாம், ஆனால் ஒரு மணி நேரம் ஒருவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பும்போது அங்கே வேலை செய்யும் பையனுக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விலை புரியவில்லை என்றால் முதலில் பூம்புகார் கடையில் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள், அரசு நிறுவனம், பேரம் கிடையாது, ஒரு அளவு மனதில் நிற்கும். ஆட்டோக்காரர் “எனக்குத் தெரிஞ்ச கடை” என்று அழைத்துப் போகும் இடத்தில் அவருக்கும் சேர்த்துத்தான் விலை.

இன்னொன்று. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தைக் கடைசியில் வையுங்கள். எங்கள் ஊரில் மெழுகையும் மண்ணையும் பார்த்தபிறகு அங்கே போய் சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்த்தால் கண் வேறு மாதிரி வேலை செய்யும்.

கீழவாசல்:

கலைக்கூடம் கடைசியில் என்பதற்கு நானும் கை தூக்குகிறேன். உள்ளே போனதும் திருவெண்காட்டு ரிஷபவாகனர் என்ற சிவன் திருமேனியைத் தேடுங்கள், 1011-ஐச் சேர்ந்தது. காளை மேல் கை ஊன்றி ஒயிலாகச் சாய்ந்து நிற்கிற நிலை, ஆனால் காளைச் சிலை இப்போது இல்லை. அந்தக் கையை மட்டும் வரையச் சொல்லுங்கள் உங்கள் பெண்ணை. அரண்மனைக்குள்ளேயே சரஸ்வதி மகால் அருங்காட்சியகமும் இருக்கிறது, சின்னது, ஓலைச்சுவடியும் பழைய படங்களும், முக்கால் மணி போதும்.

வீணைப் பட்டறைகள் ஊருக்குள்ளேயே. பலா மரம். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியாகச் செய்து இணைப்பது ஒரு வகை, ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை, விலை எகிறும். மெழுகைப் பரப்பி அதன்மேல் இருபத்து நாலு மெட்டுகளையும் (தந்திக்கு அடியில் வரும் கட்டைகள்) காதால் கேட்டுக் கேட்டு வைப்பதைப் பார்க்கக் கிடைத்தால் உங்கள் அம்மாவை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

பெரிய கோயிலுக்குச் சாயங்காலம் மட்டும் போங்கள். மத்தியான வெயிலில் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது, ஜனவரி என்றாலும். யாராவது “விமான நிழல் தரையில் விழாது சார்” என்று ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு நகருங்கள், நாலரை மணிக்கு நிழல் நீளமாக விழுந்து கிடக்கும், நீங்களே பார்க்கலாம். கருவறையைச் சுற்றியுள்ள சோழர் ஓவியங்களையும் மேல் தளத்துக் கரண (நடன நிலை) சிற்பங்களையும் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை, 108-ல் 81 கரணங்களோடு பாதியில் நின்றுபோன வரிசை அது. வளாகத்திலேயே ஒரு விளக்கக் கூடத்தில் படங்கள் இருக்கின்றன.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கும்பகோணத்தில் காலையில் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டது, எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது, தங்கும் விடுதிக்காரர்களிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். டிகிரி காபியை நெடுஞ்சாலைப் பலகை பார்த்துக் குடிக்காதீர்கள், பித்தளை டபரா வைத்தால் காபி ஆகிவிடாது. திருவையாற்றில் அசோகா அல்வா, அதுவும் பாசிப்பருப்புதான், நெய் ஒழுகும், சூடாக வாங்கி அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். தஞ்சாவூரில் பாம்பே ஸ்வீட்ஸ் கடையில் சந்திரகலா என்ற இனிப்பு. வீட்டுக்காரர் இந்த மூன்றுக்கே அடங்கிவிடுவார். தை மாதம் பனங்கிழங்கும் வந்திருக்கும்.

ஓசூர்க்காரி:

இவ்வளவு எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. லீவைப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே எழுதுகிறேன். இரண்டு சந்தேகம். ஆராதனையில் அம்மாவால் தரையில் உட்கார முடியாது, நாற்காலி இருக்குமா? கூட்டத்தில் அவரை அழைத்துப் போவது சரியா? இன்னொன்று, கங்கைகொண்ட சோழபுரமும் தரங்கம்பாடியும் ஒரே நாளில் முடியுமா? வீட்டுக்காரர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு “பக்கம்தானே” என்கிறார்.

கும்மோணத்தான்:

வரைபடத்தில் எல்லாமே பக்கம்தான் மேடம். கங்கைகொண்ட சோழபுரம் கும்பகோணத்துக்கு வடக்கே, தரங்கம்பாடி கிழக்கே கடலோரம். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் கார் சீட்டின் நினைவுதான் மிஞ்சும். ஒன்றை எடுங்கள். பெண் வரைகிறவள் என்றால் கங்கைகொண்ட சோழபுரம், அடியாரான சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சுற்றிக் கட்டும் அந்தச் சிற்பம் ஒன்றுக்காகவே போகலாம். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை, 1620. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த ஊர். நல்ல இடம்தான், ஆனால் அது வேறு கதை, நாகூர் வேளாங்கண்ணியோடு சேர்த்து இன்னொரு தடவை வாருங்கள்.

ஆராதனை: பஞ்சரத்னம், அதாவது தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள், பாடுவது பஞ்சமியன்று காலையில். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ராகத்துக்கு ஒன்று, ஐந்தையும் வித்வான்கள் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து சேர்ந்து பாடுவார்கள். அன்றைக்குக் கூட்டம் நெருக்கும், நீங்கள் வெகு சீக்கிரம் போக வேண்டும், நாற்காலி கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், மடக்கு ஸ்டூல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் ஓரமாகப் போடுங்கள். அம்மாவுக்கு அது முடியாது என்று தோன்றினால் பஞ்சமிக்கு முந்தைய நாட்களில் ஒரு சாயங்காலம் போங்கள். ஒருவர் பின் ஒருவராகக் கொஞ்ச நேரம் கொஞ்ச நேரம் பாடிவிட்டு எழுந்து போய்க்கொண்டே இருப்பார்கள், பேர் பெற்றவர்களும் உண்டு, யாரென்றே தெரியாதவர்களும் உண்டு, டிக்கெட் கிடையாது, காவிரிக் காற்று வரும். என்னைக் கேட்டால் பஞ்சமிக் காலையைவிட அந்தச் சாயங்காலம்தான் கேட்கிறவர்களுக்கு. காலைக் கூட்டத்தில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆச்சாமரம்:

தாமதமாக வருகிறேன். நரசிங்கம்பேட்டையை யாரும் விரித்துச் சொல்லவில்லை, அம்மா சங்கீதக்காரர் என்றால் சுவாமிமலைக்கு அடுத்தபடி இதைத்தான் வைப்பேன். நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம், அதுவும் புதிதாக வெட்டினது ஆகாது, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரம், தூண், இப்படிப் பல வருஷம் ஆறினதாக இருக்க வேண்டும். கடைசலில் போட்டு நீளத்துக்கும் துளை இறக்குவதைப் பார்க்கலாம். இந்த வேலை தெரிந்த குடும்பங்கள் மிகக் குறைவு, ஆகவே இங்கே கட்டாயம் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள், ஆர்டர் இல்லாத நாளில் கடைசல் சும்மாதான் நிற்கும். பக்கத்தில்தான் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை. நாகஸ்வரத்தின் வாயில் செருகி ஊதும் சீவாளி அந்தப் பக்கத்து நாணலில் செய்வது, அதையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டுக்கு ஒரு வார்த்தை: திருபுவனத்தில் முதலில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் விலையும் ரகமும் பாருங்கள், தறி பார்க்க வேண்டும் என்று அங்கேயே சொன்னால் எந்தத் தெருவில் ஓடுகிறது என்று காட்டுவார்கள். பெண்ணுக்கு இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தால் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கருப்பூர் கலம்காரி கேளுங்கள், கோயிலில் தொங்கவிடும் தொம்பைகளுக்குத் துணியில் கையால் வரைவது.

ஓசூர்க்காரி:

சரி, இப்படி வைத்திருக்கிறேன். முதல் நாள் ரயிலில் கும்பகோணம், சாயங்காலம் சும்மா கடைத்தெரு. அப்புறம் சுவாமிமலை, நரசிங்கம்பேட்டை, தாராசுரம் கூடவே திருபுவனம் தறி. பிறகு தஞ்சாவூருக்கு மாறி ஒரு சாயங்காலம் திருவையாறு, ஒரு நாள் வீணையும் பெரிய கோயிலும், கடைசியில் கலைக்கூடம். நாச்சியார்கோயிலை விட்டுவிட்டேன், கங்கைகொண்ட சோழபுரத்தையும். வீட்டுக்காரர் குத்துவிளக்கு கேட்டால் பூம்புகாரில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். ஏதாவது இடிக்கிறதா?

வண்டல்மண்:

ஒன்றுதான். சுவாமிமலை நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாதிப் பட்டறை லீவு. மற்றபடி கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸே இருக்கிறது, காருக்குக் காசு கொடுக்க வேண்டாம், நரசிங்கம்பேட்டை நாளுக்கு மட்டும் எடுங்கள்.