மானியப் பட்டியலில் பெயர் வந்தால்

பயிர் விலை மானியக் கணக்குகளைப் படிப்பதும், விவசாயிகளோடு உட்கார்ந்து அவற்றைச் சரிபார்ப்பதும் சில காலமாக என் வேலை. பணம் வாங்கியவர்களின் பெயரை வெளியிடலாமா, கூடாதா என்று கேட்பவர்களுக்காக நான் கண்டதை எழுதுகிறேன்.

முதலில் என்னை உலுக்கியது அமெரிக்கப் பட்டியல். அங்கே என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 1995 முதலான தொகைகளைப் பெயர்வாரியாக, யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. சந்தை விலை அரசு வைத்த விலைக்குக் கீழே இறங்கினால் அந்த வித்தியாசத்தைக் கொடுப்பதுதான் விலை மானியம். நிலம் கூடக்கூடப் பணமும் கூடும். சிறு விவசாயியின் பெயரைச் சொல்லி ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு பெரிய பண்ணைகளுக்குப் போவது பட்டியலைத் திறந்தால்தான் தெரிகிறது. இன்னொன்று, அங்கே சில திட்டங்களில் இந்த ஆண்டு என்ன விதைத்தார்கள் என்று பார்ப்பதில்லை. பழைய சாகுபடிப் பரப்பை வைத்தே கணக்கிடுகிறார்கள். விவசாயமே செய்யாதவர்களுக்கு 2000-ஆம் ஆண்டு முதல் 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று 2006-ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் எழுதியது. கணக்கு பூட்டிக் கிடந்திருந்தால் அந்தச் செய்தி வந்திருக்குமா?

அதனால் எல்லாவற்றையும் அப்படியே வெளியிட வேண்டும் என்றுதான் வாதாடிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். கொஞ்சம் நிலம், நிறையக் கடன். "தம்பி, பட்டியல் ஒட்டின அன்னைக்கே கடன் கொடுத்தவன் வாசல்ல வந்து நின்னுட்டான். அடுத்த விதைப்புக்கு வச்சிருந்த பணம் அது" என்றார். அவர் மறைக்க எதுவும் இல்லாதவர். ஆனாலும் அந்தத் தாள் அவரைத்தான் முதலில் அடித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போனதும் இதே கேள்விதான். மானியம் பெற்ற தனிநபர்கள் எல்லோருடைய பெயரையும், தொகை எவ்வளவு, எத்தனை காலம் வாங்கினார்கள் என்ற வேறுபாடே பார்க்காமல் வெளியிடுவது அளவுக்கு மீறியது என்று 2010 நவம்பரில் அது தீர்ப்புச் சொன்னது. நிறுவனங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பிறகு வந்த விதிகள் சிறு தொகை பெறுவோரின் பெயரை விட்டுவிட்டன. அது நியாயமாகவே படுகிறது. ஆனால் வெளியிட்ட விவரத்தை இரண்டு ஆண்டுகளில் எடுத்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டுக்கு ஆண்டு யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று ஒப்பிட முடியாத கணக்கு பாதிக் கணக்குதான்.

இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லேயே வழி வைத்திருக்கிறது. மானியத் திட்டங்களை எப்படி நடத்துகிறார்கள், எவ்வளவு ஒதுக்கினார்கள், பயனாளிகள் யார் என்பதை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது. 

பட்டியலால் விவசாயிக்கே நன்மை வந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா தன் பெயருக்கு நேரே இருந்த பரப்பளவைப் படிக்கச் சொன்னார். வாசித்தேன். "அது பாதிதான்பா, மீதி எங்கே?" என்று உடனே கேட்டார். பதிவில் நிலத்தின் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. மனு போட்டுத் திருத்தினார்கள். தொகை மட்டும் இருந்த தாளாக இருந்தால் அவருக்கு அது தெரியவே தெரிந்திருக்காது. கணக்கு வந்த வழி, அதாவது பயிர், பரப்பு, விற்ற அளவு, கொடுத்த விலை வித்தியாசம், இவை இருந்ததால்தான் பிடித்தார்.

அதனால் என் கோரிக்கை இதுதான். பெரிய தொகை வாங்குபவரின் பெயர், நிறுவனமானால் அதன் உரிமையாளர் உட்பட, கட்டாயம் வெளியே வர வேண்டும். சிறு தொகைக்காரருக்குத் தன் கணக்கைத் தானே முழுசாகப் பார்க்கும் வழி வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணும் வீட்டு முகவரியும் யாருடையதும் வெளியே தெரியக் கூடாது. தவறிருந்தால் யாரிடம் மனு கொடுப்பது, எத்தனை நாளுக்குள் என்பதையும் அதே தாளிலேயே அச்சிட வேண்டும்.