எய்இச்சி ஓதாகியின் ‘எ லாங் வெக்கேஷன்’: மாஸ்டர்பீஸா, பழைய அமெரிக்க சரக்கா?

கேசட்மணி: சிட்டி பாப்னு, அதான் 70, 80கள்ல வந்த ஜப்பான் நகரத்து பாப் இசைய கேக்கக் கெளம்புறவங்க பாதி பேர் பாடகர் தட்சுரோ யமஷிடாவோட நின்னுடுறாங்க, ஜப்பான் பாடகர் ஓதாகியோட 1981 மார்ச்ல வந்த இந்த ஆல்பத்த தொடுறதே இல்ல. முதல் பாட்டு ‘கிமி வா டென்னென்ஷோகு’ போட்டுப் பாருங்க, பியானோ சுருதி சேக்குற சத்தம், ஸ்டிக்க தட்டி கவுண்ட், அப்புறம் மொத்த பேண்டும் நம்ம மேல வந்து விழும். அந்த ஒரு நொடிக்கே காசு குடுக்கலாம்.

எக்கோஅலர்ஜி: அப்படி விழ வைக்கிறது அமெரிக்க புரொடியூசர் ஃபில் ஸ்பெக்டர் 60கள்லயே பண்ணதுங்க, ‘வால் ஆஃப் சவுண்ட்’, சத்தச் சுவருன்னு பேரு. கிட்டார், பியானோன்னு ஏகப்பட்டத ஒரே ரூம்ல ஒண்ணா வாசிக்க வச்சு எக்கோவுல முக்கி எடுக்குறது. அதையே டோக்கியோ சோனி ஸ்டுடியோல செஞ்சா மேதையா? ஹிரோஷி நாகாய் வரஞ்ச அட்டை சூப்பர், அதுல சண்டை இல்ல.

மழைப்புதன்: வரிகள விட்டுட்டு பேசுறீங்களே. எழுதின தகாஷி மாட்சுமோதோ, ஓதாகியோட ஹாப்பி எண்ட் பேண்ட்ல இருந்தவரு. நடுவுல தங்கச்சி செத்துப்போயி, என்னால எழுத முடியாது வேற ஆளப் பாத்துக்கோன்னுட்டாரு. ஓதாகி வேற ஆள தேடல, 1980 ஜூலைல வரவேண்டிய ஆல்பத்தையே தள்ளிவச்சு காத்திருந்தாரு. அப்புறம் வந்ததுதான் அந்த முதல் பாட்டு, கருப்பு வெள்ளையாப் போன ஞாபகத்துக்கு கலர் பூசுன்னு கேக்குறான், டியூன் என்னடான்னா துள்ளுது.

எக்கோஅலர்ஜி: சோகக் கதைக்கெல்லாம் மார்க் போட முடியாது. காதுல விழுறது என்ன, அதச் சொல்லுங்க.

மழைப்புதன்: காதுலதான் சொல்றேன். ஸ்பெக்டர் ரெக்கார்டுல பாடுறவங்க அந்த சத்தச் சுவத்தோட மல்லுக்கட்டி கத்துவாங்க, இந்தாளு கத்தவே மாட்டாரு, அவ்ளோ பெரிய சத்தத்துக்கு முன்னால நின்னு மைக் பக்கத்துல மெல்லப் பாடுற அந்தக்கால குரூனர் பாடகர் மாதிரி மெதுவா பாடுவாரு. ஆறாவது பாட்டு கேளுங்க, மழைல ஓட்டை ஃபோக்ஸ்வேகன் பானெட் மேல உக்காந்து கடல பாத்துட்டே ரெண்டு பேர் பிரியுறாங்க, குரல் ஒரு இடத்துல கூட அழாது. இது யாரோட காப்பி?

கேசட்மணி: 1982 அக்டோபர்ல ஜப்பான்ல சிடி விக்க ஆரம்பிச்சப்ப முதல் நாள் லிஸ்ட்லயே இது இருந்துச்சு, சும்மாவா.

எக்கோஅலர்ஜி: சிடி வித்தா கலையா மணி? ஆறாவது பாட்டு கேட்டேன், நல்லாத்தான் இருக்கு, குரல் விஷயமும் சரி. ஆனா கடைசி சைபீரியா ரயில் பாட்டு அப்பட்டமா 60கள் இங்கிலாந்து புரொடியூசர் ஜோ மீக் சவுண்டு. அந்த நாலாவது ‘பாப்பிடூபி’ பாட்டு வேற, அதுவும் உங்க கவிஞர்தானா?

மழைப்புதன்: பத்துல அது ஒண்ணுதான் மாட்சுமோதோ எழுதாதது, ஓதாகியே எழுதிக்கிட்டாரு. எனக்கு புடிக்கும், திட்டணும்னா அவர திட்டுங்க.